வெயிலில் காய்ந்த டேங்க்

சத்தியப்பிரியாவின் அப்பா கைப்பேசியைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பிறகு கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். எப்படிப் பார்த்தாலும் விலை அதேதான்.

"பிரியா, போன வருசம் இந்தப் பெட்டி ஆயிரத்து முந்நூறுதானே?"

"ஆமாப்பா."

"இப்ப ரெண்டாயிரத்து நூறு போட்டிருக்கான்."

பிரியாவுக்கு அது முன்பே தெரியும். அப்பாவே பார்த்துக்கொள்ளட்டும் என்று பேசாமல் இருந்தாள்.

அது ஒரு மாடல் டேங்க் பெட்டி. திறந்தால் உள்ளே டேங்க் இருக்காது. சாம்பல் நிற பிளாஸ்டிக் சட்டங்களில் குட்டிக் குட்டிப் பாகங்கள், கொத்தில் மாம்பிஞ்சு தொங்குவது போல ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றாக வெட்டி, ஓரத்தை உரசி, பசை போட்டு ஒட்டி, வண்ணம் பூச வேண்டும். எல்லாம் முடிந்தால், நிஜ டேங்கை யாரோ மந்திரம் போட்டு உள்ளங்கை அளவுக்குச் சுருக்கிவிட்டது போல ஒன்று வந்து நிற்கும்.

ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் அப்பா ஒரு பெட்டி வாங்கித் தருவார். அலமாரியில் இப்போது இரண்டு டேங்குகள் நிற்கின்றன.

அப்பாவுக்குக் கோட்டையூரில் எலக்ட்ரிகல் கடை. அதனால் அவர் எதையும் மின்விசிறியோடு ஒப்பிட்டுத்தான் பார்ப்பார்.

"இந்தக் காசுக்கு ஒரு சீலிங் ஃபேன் வரும். ஃபேனாவது காத்துக் குடுக்கும். டேங்க் என்ன குடுக்கும்?"

சாப்பிட்டுக்கொண்டிருந்த சித்தப்பா அருள்முருகன் நிமிர்ந்தார். காரைக்குடியில் இருசக்கர வண்டி விற்கும் ஷோரூமில் அவருக்கு வேலை. யாரையாவது கிண்டல் செய்யாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

"அண்ணே, இதுல பாதி விலைக்கு ரிமோட் டேங்கே கிடைக்குது. ஓடும், சுடும், லைட்டு எரியும். நம்ம பிரியா டேங்க் ஓடாது, சுடாது. அதோட விலை மட்டுந்தான் ஓடுது."

அடுக்களையிலிருந்து அம்மா ரேணுகா சிரிக்கும் சத்தம் கேட்டது.

"ரிமோட் டேங்க் ஏற்கெனவே முடிஞ்சுபோன டேங்க், சித்தப்பா," என்றாள் பிரியா. அதற்குமேல் எப்படி விளக்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அப்பா கைப்பேசியைக் கீழே வைத்தார்.

"சரி, வாங்கித் தாரேன். ஆனா ஒண்ணு. பள்ளிக்கூடம் திறக்குறதுக்குள்ள செஞ்சு முடிச்சு, எங்கிட்ட வந்து சொல்லணும். இந்த விலைக்கு இது தகுமா, தகாதா? தகாதுன்னா அடுத்த வருசத்துல இருந்து டேங்க் கிடையாது."

"தகும்னு இப்பவே சொல்றேனே."

"இப்பச் சொன்னா அது ஆசை. செஞ்சு முடிச்சிட்டுச் சொல்லு. நெசத்தைச் சொல்லணும்."

அடுக்களை வாசலில் நின்று இதையெல்லாம் ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் புஷ்பவள்ளி சித்தி.

சித்தப்பாவைக் கல்யாணம் செய்துகொண்டு தை மாதத்தில்தான் வலையபட்டியிலிருந்து இந்த வீட்டுக்கு வந்தார். வந்த புதிதில் ஒருநாள் ரசத்துக்கு அம்மாவும் உப்புப் போட்டார், சித்தியும் உப்புப் போட்டார். சித்தப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, "தொண்டி கடல் நம்ம வீட்டுக்கே வந்துருச்சு," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சித்தியும் சிரித்தார்.

ஆனால் அன்றிலிருந்து சித்தி எதைச் செய்தாலும் கேட்டுக் கேட்டுத்தான் செய்தார். "அக்கா, உப்புப் போடவா?" "அக்கா, விளக்கைப் போடவா?" "அக்கா, இந்த ஜன்னலைச் சாத்தவா?" ஒருநாள் குழாய்ப் பக்கத்தில் நின்றுகொண்டு, "அக்கா, தண்ணி குடிக்கவா?" என்று கேட்டார். அம்மாவுக்கே பாவமாகிவிட்டது.

*

பெட்டி வந்தது. பெரிய பெட்டி. பிரியா அதை ஆட்டிப் பார்த்தாள். உள்ளே கடகடவென்று உருண்டது. திறந்தால் பாதிப் பெட்டிக்குக் காற்றுதான் இருந்தது.

போன வருடப் பெட்டியில் இருந்த அளவுக்குத்தான் இதிலும் பாகங்கள். விலை ஏறியிருந்தது. சக்கரம் ஒன்றுகூட ஏறவில்லை. அப்பா கேட்டால் என்ன சொல்வது என்று அவளுக்கு லேசாகக் கவலை வந்தது.

ஆனால் பெட்டியின் மேலிருந்த படத்தைப் பார்த்ததும் கவலை கரைந்தது. தரை முழுக்கப் பனி. வெள்ளைப் பட்டை மரங்கள். அவற்றுக்கு நடுவே புகை விட்டுக்கொண்டு ஒரு டேங்க்.

பிரியா பனியைப் பார்த்ததில்லை. காரைக்குடியில் ஃப்ரிட்ஜைத் திறந்தால்தான் பனி. ஆனால் நூலகத்திலிருந்து எடுத்துவந்த வெளிநாட்டுக் கதைகளில் அவள் நிறையப் பனியில் நடந்திருக்கிறாள். கால் புதையப் புதைய நடந்து, தூரத்தில் ஒரு ஜன்னலில் எரியும் விளக்கைக் கண்டுபிடித்திருக்கிறாள். அந்த வீடுகளில் கறுப்பு ரொட்டியும் சூடான சூப்பும் இருக்கும். அவை எப்படி ருசிக்கும் என்று தெரியாது. தெரியாததால் இன்னும் நன்றாக இருக்கும்.

இந்த டேங்குக்குள் ஓட்டுநர் ஒருவன் இருப்பதாக அவள் முடிவு செய்தாள். அவன் பெயர் மிஷா. அவனுக்குச் சண்டை பிடிக்காது. சண்டை முடிந்துவிட்டது, அவன் வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறான். சட்டைப்பையில் ஒரு துண்டு ரொட்டி வைத்திருக்கிறான்.

முதல் வேலை, பாகங்களைக் கழுவுவது. அவற்றில் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். கழுவாவிட்டால் வண்ணம் ஒட்டாது. பிரியா பெரிய பாகங்களை மட்டும் சட்டத்திலிருந்து வெட்டினாள். டேங்கின் மேல்தட்டு, அடித்தட்டு, பக்கத் தட்டுகள், சக்கரங்களுக்கு மேலே வரும் இரண்டு மட்கார்டுகள், நீளமான பீரங்கிக் குழல். சோப்புத் தண்ணீரில் கழுவிச் சல்லடையில் போட்டாள். சல்லடையை அடுக்களை மேடையில் வைத்துவிட்டு, நூலகப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனாள்.

யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவும் இல்லை.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. சித்திரை வந்துவிட்டால் ஈரமான எதுவும் கீழே இருக்காது. மோர்மிளகாய், வெங்காய வடகம், கொத்தவரங்காய், கழுவிய செருப்பு, தலையணை, ஒருமுறை மழைச்சாரலில் நனைந்த பிரியாவின் கணக்குப் புத்தகம், எல்லாம் மொட்டை மாடிக்குப் போகும். "சும்மா கிடைக்குற வெயிலை ஏன் விடணும்?" என்பார் அம்மா.

பிரியா திரும்பி வந்தபோது வெயில் உச்சியில் இருந்தது. மேடையில் சல்லடை காலியாக இருந்தது.

"சித்தி, இங்கே பிளாஸ்டிக் துண்டு வச்சிருந்தேனே. பாத்தீகளா?"

சித்தி திரும்பினார். அவர் முகத்தில் ஒரு சின்னப் பெருமை.

"மாடியில நல்லாக் காயுது பிரியா. காக்கா தூக்கிட்டுப் போயிரக் கூடாதுன்னு சட்டியில போட்டுக் கண்ணாடி மூடி போட்டு வச்சிருக்கேன்."

பிரியா படிகளில் ஓடினாள்.

மோர்மிளகாய்த் துணிக்குப் பக்கத்தில் கறுப்பு நிற நான்ஸ்டிக் சட்டி இருந்தது. மேலே கண்ணாடி மூடி. கறுப்புச் சட்டி, கண்ணாடி மூடி, சித்திரை வெயில். சட்டிக்கு அடுப்பே தேவைப்படவில்லை.

பாவாடை நுனியால் மூடியைத் தூக்கினாள். அனல் முகத்தில் அடித்தது.

மேல்தட்டு பொரித்த அப்பளம் போல நெளிந்திருந்தது. பக்கத் தட்டு ஒன்று கிண்ணமாகக் குழிந்திருந்தது. நேராக நீண்டிருந்த பீரங்கிக் குழல் புளியங்காய் போல வளைந்து கிடந்தது.

அவள் மேல்தட்டை விரலால் அழுத்தினாள். அது மெத்தென்று கொஞ்சம் அமுங்கியது. சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள்.

பாகங்களைத் துணியில் அள்ளிக்கொண்டு கீழே வந்தாள். அதற்குள் அவை ஆறிக் கெட்டியாகிவிட்டன. நெளிந்தது நெளிந்தபடியே.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த சித்தப்பா எட்டிப் பார்த்தார்.

"என்ன பிரியா, டேங்க் வத்தலா? வத்தக்குழம்பு வச்சிரலாமா?"

யாரும் சிரிக்கவில்லை. சித்தப்பா சித்தியின் முகத்தைப் பார்த்தார். பிறகு தானும் வாயை மூடிக்கொண்டார்.

"வெயில்ல வைக்கக் கூடாதா?" என்று சித்தி கேட்டார். குரல் மிகவும் சின்னதாக இருந்தது.

பிரியாவின் நாக்கு நுனியில் சூடான வார்த்தைகள் வரிசையாக நின்றன. ஒன்றை விட்டால் போதும், மற்றவையும் வந்துவிடும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, "ம்," என்று மட்டும் சொன்னாள்.

சித்தி தன் அறைக்குள் போய்விட்டார்.

*

சித்தி சாப்பிட வரவில்லை. அம்மா போய்க் கூப்பிட்டார். "பசிக்கல அக்கா," என்று கதவுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. "அது அம்புட்டு விலைன்னு தெரியும். தெரிஞ்சும் கெடுத்துட்டேன். எங்க அப்பாகிட்டச் சொல்லி வேற வாங்கித் தாரேன்னு பிரியாகிட்டச் சொல்லுங்க."

சித்தப்பா கைப்பேசியை எடுத்து விலையைப் பார்த்தார். புருவம் மேலே போனது.

"ரெண்டாயிரத்து நானூறு. நம்ம வாங்கின பெறகு இன்னும் ஏறியிருக்கு."

"வேணாம்," என்றாள் பிரியா. "வேற வாங்க வேணாம்."

கூடத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தாள். தரை ஜில்லென்று இருந்தது. நெளிந்த தட்டைக் கையில் வைத்துப் பார்த்தபடியே இருந்தாள். கோபம் இன்னும் போகவில்லை. ஆனால் அது யார்மேல் என்று பார்த்தால் சரியாகத் தெரியவில்லை.

இந்த வீட்டில் ஈரமானது எல்லாம் மாடிக்குப் போகும். சித்தி அதைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார். யாரையும் கேட்காமல், தானாகவே செய்தார். காக்கையைக்கூட நினைத்துப் பார்த்து மூடி போட்டார்.

அப்போதுதான் பிரியாவுக்குத் தோன்றியது. இந்த வீட்டில் சித்தி கேட்காமல் செய்த முதல் வேலை இதுதான்.

முதல் வேலையே இப்படி ஆகிவிட்டால், இனிமேல் அவர் மூச்சுவிடக்கூட அம்மாவிடம் கேட்பார்.

பிரியா தட்டை மறுபடியும் விரலால் அழுத்தினாள். கல் மாதிரி இருந்தது. மாடியில் அழுத்தியபோது மெத்தென்று அமுங்கியதே. சூடாக இருந்தபோது மெத்து. ஆறியதும் கெட்டி.

மெத்தென்று இருந்தபோதுதானே அது நெளிந்தது. திரும்பவும் மெத்தென்று ஆக்கினால்?

அவள் எழுந்துபோய்ச் சித்தியின் கதவைத் தட்டினாள்.

"சித்தி, கொஞ்சம் சுடுதண்ணி வேணும். எனக்கு அடுப்பைத் தொட அனுமதி இல்ல."

உள்ளிருந்து சித்தியின் குரல் மட்டும் வந்தது.

"அம்மாகிட்டக் கேளு பிரியா."

"அம்மா கை பெரிசு. எனக்கு உங்க கைதான் வேணும்."

கதவு திறந்தது. சித்தியின் கண்கள் சிவந்திருந்தன. அவர் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அவற்றில் அப்படி என்ன இருக்கிறது என்பது போல.

*

கிணற்றடிச் சுவரில் இரண்டு ஆத்தங்குடிக் கற்கள் சாத்தி வைக்கப்பட்டிருந்தன. அறைக்குத் தரை போட்டபோது மிச்சமானவை. பச்சைப் பூ போட்டவை. பிரியா அவற்றைத் துடைத்து எடுத்துவந்தாள்.

"இது எதுக்கு?" என்றார் சித்தி.

"இதைக் கண்ணாடி மேலதான் வார்ப்பாகளாம். அதான் முகம் இம்புட்டு மட்டமா இருக்கு. சூடான தட்டை இதுக்கு நடுவுல வச்சு அமுக்கினா நேராயிரும்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறியா? தெரியாதா?"

"தெரியாது. அதனாலதான் முதல்ல குப்பையில செஞ்சு பாக்கப் போறோம்."

பாகங்களை வெட்டியபின் மிஞ்சிய வெறும் சட்டத்தில் ஒரு துண்டை உடைத்துக் கொடுத்தாள். சித்தி அதை இடுக்கியால் பிடித்துக் கொதிக்கும் தண்ணீரில் விட்டார். அது சுருண்டு புழு மாதிரி ஆகிவிட்டது.

இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ரொம்பக் கொதிக்குது போல," என்றார் சித்தி. "அதிரசப் பாகு மாதிரி. பதம் தாண்டிருச்சு. இறக்கி வச்சிட்டுக் கொஞ்சம் பொறுப்போம்."

"பொறுக்கவா, இல்ல பச்சைத்தண்ணி ஊத்தவா?"

சித்தி வாயைத் திறந்தார். வழக்கம்போல "அக்காகிட்டக் கேளு" என்று சொல்லப் போகிறார் என்று பிரியா நினைத்தாள். சித்தி அடுக்களைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு ஒரு குவளை பச்சைத்தண்ணீரை எடுத்துத் தானே ஊற்றினார்.

இரண்டாவது துண்டு சுருளவில்லை. வாழைத்தண்டு நார் போல இளகி வளைந்து கொடுத்தது. பிரியா அதைக் கல்லின்மேல் வைத்து அடுத்த கல்லால் அமுக்கினாள். ஆறட்டும் என்று காத்திருந்தார்கள். கல்லைத் தூக்கினால், துண்டு ஸ்கேல் மாதிரி நேராக இருந்தது.

சித்தி பெருமூச்சு விட்டார். "நெசப் பாகத்தைக் குடு."

ஒவ்வொரு தட்டாக வெந்நீருக்குள் போய், கல்லுக்கு நடுவே படுத்து எழுந்தது. சித்தி இடுக்கியில் எடுப்பார், பிரியா அமுக்குவாள். மேல் கல்லின்மேல் கனத்துக்கு அம்மாவின் இட்லிச்சட்டியை வைத்தார்கள்.

அம்மா வந்து எட்டிப் பார்த்தார். "ராத்திரிக்கு இட்லி எப்படி ஊத்துறது?"

"டேங்க் ஊத்தியாச்சு அக்கா, இட்லி பொறவு," என்றார் சித்தி. சொல்லிவிட்டு, தான் அப்படிச் சொன்னதற்குத் தானே திகைத்துப்போனார். அம்மா சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

குழல்தான் சிரமப்படுத்தியது. உருண்டையான ஒன்றை எப்படி அமுக்குவது? அமுக்கினால் சப்பையாகிவிடும்.

"அமுக்கக் கூடாது," என்றார் சித்தி. "உருட்டணும். எங்க வீட்டுல கைமுறுக்குன்னா மாவைத் திரிக்கிறது நான்தான்."

வெந்நீரிலிருந்து எடுத்த குழலைக் கல்லின்மேல் வைத்தார். உள்ளங்கையை அதன்மேல் பட்டும் படாமலும் வைத்து, முன்னும் பின்னும் உருட்டினார். புளியங்காய் மெல்ல மெல்ல நிமிர்ந்தது. மெழுகுவத்தி போல நேராகிவிட்டது.

பிரியா அதைக் கண்ணருகே பிடித்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தாள். எந்தப் பக்கமும் சாயவில்லை.

"சித்தி, முன்னைவிட நேரா இருக்கு. கம்பெனிக்காரனே இம்புட்டு நேராச் செய்யல."

"பொய் சொல்லாத," என்றார் சித்தி. ஆனாலும் குழலை வாங்கி ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு, "எனக்குப் பசிக்குது," என்றார்.

இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

*

ஒன்று மட்டும் நேராகவில்லை. இடது பக்க மட்கார்டின் முனை. எத்தனை முறை வெந்நீரில் போட்டாலும், முனை மேல்நோக்கி மடங்கியபடியே நின்றது. இன்னொரு முறை செய்தால் உடைந்துவிடும் என்று பிரியா நிறுத்திக்கொண்டாள்.

அதன்பிறகு மத்தியான வேளைகளில் சித்தியும் வந்து உட்கார ஆரம்பித்தார். செய்முறைத் தாளில் இருக்கும் எண்ணை அவர் வாசிப்பார், பிரியா அந்தப் பாகத்தைத் தேடி வெட்டுவாள். ஓரங்களை உரசுவது சித்தியின் வேலை. பசை காயும்வரை பிடித்துக்கொண்டிருப்பது பிரியாவின் வேலை. அந்த நேரத்தில் அசையக் கூடாது, எழுந்து போகவும் முடியாது. அதனால் பேசினார்கள்.

"இதுக்குள்ள ஆளு இருக்கா?" என்று சித்தி ஒருநாள் கேட்டார்.

பிரியா தயங்கினாள். மிஷாவைப் பற்றி அவள் யாரிடமும் சொன்னதில்லை. சித்தப்பாவிடம் சொன்னால் பொங்கல்வரை கிண்டல் செய்வார். சித்தியிடம் சொன்னாள். பனியை, வெள்ளை மரங்களை, சட்டைப்பையில் இருக்கும் ரொட்டியை, தூரத்து ஜன்னல் விளக்கை, எல்லாவற்றையும் சொன்னாள்.

சித்தி சிரிக்கவில்லை. "அவனுக்காக வீட்டுல யாரு காத்திருக்கா?" என்று கேட்டார்.

அதைப் பிரியா யோசித்ததே இல்லை.

மறுநாள் வேலைக்கு உட்கார்ந்ததும் சித்தி கேட்ட முதல் கேள்வி, "மிஷா சாப்பிட்டானா?"

அந்த மடங்கிய மட்கார்டுக்கும் சித்திதான் வழி சொன்னார்.

"எங்க வலையபட்டி மினி பஸ் டிரைவர் ஒருதடவை ஆட்டுக்குட்டிக்கு வழி விடப்போய்ச் சுவத்துல இடிச்சிட்டாரு. பம்பரு இதே மாதிரிதான் மடங்கிச்சு. அந்த ஆட்டுக்குட்டி நல்லாருந்துச்சு. அதனால ஊருல யாரும் அவரை ஒண்ணும் சொல்லல."

பிரியா மட்கார்டைத் திருப்பிப் பார்த்தாள். "மிஷா ஊருல ஆடு இருக்காது. வாத்து இருக்கும். வாத்துக் கூட்டம் பாதையைக் கடந்திருக்கும்."

"அப்ப வாத்துக்கு வழி விட்டிருப்பான். நல்ல பையனாச்சே."

வளைந்த மட்கார்டை வளைந்தபடியே ஒட்டினார்கள். அதில் கொஞ்சம் பழுப்பு வண்ணம் தேய்த்துச் சுவரில் உரசிய தடம் செய்தார்கள். டேங்க் முழுவதிலும் உயிரோடு இருப்பது அந்த மூலைதான் என்று பிரியாவுக்குப் பட்டது.

பின்விளக்குக்குச் சிவப்பு வண்ணம் இல்லை. தனியாக வாங்கினால் அதற்கும் ஒரு விலை. சித்தி எழுந்துபோய்த் தன் நகப்பூச்சுக் குப்பியை எடுத்துவந்தார். கல்யாணத்துக்கு வாங்கியது. ஒரு சொட்டு வைத்தார்கள். விளக்கு பளபளவென்று எரிவது போலவே இருந்தது.

*

பள்ளி திறப்பதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, அப்பா கடைக்குப் போகவில்லை. பிரியா டேங்கைக் கொண்டுவந்து கூடத்தில் அவர் முன்னால் வைத்தாள்.

அப்பா தரையில் ஒருக்களித்துப் படுத்து, கண்ணை அதன் மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்த்தார். குழலைப் பார்த்தார். சக்கரங்களைப் பார்த்தார். விரல் நகத்தால் பின்விளக்கைத் தொட்டார்.

"இதுக்கு ஒயரு எங்க?"

"அது சித்தி நகப்பூச்சுப்பா."

அப்பா எழுந்து உட்கார்ந்தார். "சரி, இப்பச் சொல்லு. இந்த விலைக்குத் தகுமா?"

எல்லோரும் பிரியாவைப் பார்த்தார்கள். சித்தி அடுக்களை வாசலில் நிற்கவில்லை. கூடத்துக்குள்ளேயே, அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

பிரியா டேங்கைப் பார்த்தாள். நிஜத்தைச் சொல்ல வேண்டும் என்று அப்பா கேட்டிருக்கிறார்.

"பெட்டிக்குள்ள வந்தது தகாதுப்பா. பாதிப் பெட்டிக்குக் காத்துத்தான். போன வருசத்தைவிட ஒரு சக்கரங்கூட அதிகமில்ல. அதுக்கு அம்புட்டு விலை ஜாஸ்தி."

சித்தப்பா வெற்றிப் பார்வையோடு நிமிர்ந்தார். "நான் அன்னைக்கே சொன்னேன்ல."

"ஆனா இங்க நிக்குது பாருங்க, இது தகும்."

"ரெண்டும் ஒண்ணுதானே?" என்றார் அப்பா.

"இல்லப்பா. பெட்டிக்குள்ள சித்தி இல்ல."

சித்தி தலையைக் குனிந்து புடவை நுனியை விரலில் சுற்றிக்கொண்டார்.

அப்பா டேங்கைத் தூக்கித் திருப்பினார். மேலே சுழலும் கோபுரத்தின் பக்கவாட்டில், மெல்லிய தூரிகையால் வெள்ளை எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது. ஒரு பக்கம் 'புஷ்ப' என்று இருந்தது. இடம் போதாமல், மறுபக்கம் 'வள்ளி' என்று இருந்தது.

"டேங்குக்குப் பேரு வைக்கிறது வழக்கம்," என்றாள் பிரியா அவசரமாக. அது சித்திக்கே தெரியாது. காலையில்தான் எழுதியிருந்தாள்.

சித்தப்பா டேங்கை வாங்கி இரண்டு பக்கமும் படித்தார். "பொருத்தமான பேருதான். எதிர்ல வர்ற ஆளுக எல்லாம் தானா ஒதுங்கிருவாக."

"நீங்க ஒதுங்கினாப் போதும்," என்றார் சித்தி.

அம்மா வாய்விட்டுச் சிரித்தார். அப்பாவும் சித்தப்பாவும் சிரித்த சிரிப்பில், சித்தப்பா கையிலிருந்த டேங்க் கீழே விழாமல் இருக்கப் பிரியா கையை நீட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"அப்ப அடுத்த வருசமும் ஒண்ணு வாங்கணும். அப்படித்தானே?" என்றார் அப்பா.

பிரியா தலையாட்டப் போனாள். பிறகு நிறுத்தினாள்.

"விலை இறங்கட்டும்பா. இறங்கலேன்னா பரவாயில்ல. மிஷாவுக்கு இன்னும் ஊரே கட்டல. பாதை வேணும், அவன் இடிச்ச சுவரு வேணும், விளக்கு எரியிற ஜன்னல் வேணும், வாத்து வேணும்."

"மிஷா யாரு?" என்றார் சித்தப்பா.

"உங்களுக்குச் சொல்ல மாட்டோம்," என்றார் சித்தி.

"அதுக்கெல்லாம் என்ன செலவாகும்?" என்று அப்பா கேட்டார்.

பிரியா அறைக்குள் போய், அந்தப் பெரிய காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நல்ல கெட்டி அட்டை. ஒரு ஊரே அதற்குள் இருந்தது.

அவள் அதைத் தரையில் வைப்பதற்குள், சித்தி யாரையும் கேட்காமல் எழுந்துபோய்க் கத்தரிக்கோலை எடுத்துவந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"முதல்ல வாத்தை வெட்டுவோம் பிரியா. மிஷா எம்புட்டு நேரம் வழி விட்டு நிப்பான்?"